மார்பில் ஐந்து வரிப் பின்னல்: ஆடம் ஆண்ட் கோட்டைத் தைத்த அனுபவம்

மதுரையில் மேடை நிகழ்ச்சிகளுக்கு உடை தைத்துக் கொடுப்பது என் தொழில். பரதநாட்டியம், பள்ளி ஆண்டு விழா, சினிமாப் பாட்டுக்கு ஆடும் குழு என்று எல்லாம் வரும். இந்த முறை வந்தது எண்பதுகளின் ஆங்கிலப் பாப் பாடல்களை வைத்து ஒரு நிகழ்ச்சி. நடுவில் நின்று ஆடும் பையனுக்கு, "மைக்கேல் ஜாக்சன் போடுவாரே, மிலிட்டரி கோட்டு, அது வேணும்க்கா" என்று கேட்டார் நடன மாஸ்டர். இன்னும் கொஞ்சம் பின்னால் போகலாம் என்று நான் சொன்னேன். ஜாக்சனுக்கு முன்பே அப்படி ஒரு கோட்டைப் போட்டு பிரிட்டனைக் கலக்கியவர் ஆங்கிலப் பாடகர் ஆடம் ஆண்ட். ஜாக்சனின் மேடைக் கோட்டுகளில் சமிக்கி கண்ணைப் பறித்துவிடும், வெட்டு யார் கண்ணிலும் படாது. ஆண்ட் போட்டதில் கருநிறத் துணி, பொன்னிறப் பின்னல், அவ்வளவுதான். வெட்டு சரியில்லை என்றால் மறைக்க வழி கிடையாது. பழைய வீடியோக்களைக் காட்டியதும் மாஸ்டர் ஒத்துக்கொண்டார்.

அதே கோட்டைத் தைக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கூடவே, தைக்கத் தைக்க எனக்கு உறுதியான ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு பாடகர் என்னதான் ஆடம்பரமாக உடுத்தினாலும், அதில் ஒரு பதினாறு வயதுப் பிள்ளை வீட்டில் செய்துகொள்ள முடிகிற பகுதி மட்டும்தான் தெருவுக்கு வருகிறது. மீதி மேடையிலேயே நின்றுவிடும். இந்தக் கோட்டு அதற்கு நல்ல சாட்சி.

வாடகைக் கடையிலிருந்து வந்த கோட்டு

பூர்வீகம் ஹங்கேரி. அங்கிருந்த இலகு குதிரைப்படை வீரர்களுக்கு ஹுஸார் என்று பெயர். இடுப்போடு நிற்கும் குட்டைக் கோட்டு, மார்பின் குறுக்கே வரிவரியாகக் கயிற்றுப் பின்னல், உருண்டைப் பொத்தான். அதன் அழகில் மயங்கி ஐரோப்பிய நாடுகள் பலவும் தங்கள் குதிரைப்படைக்கும் அதே உடுப்பைத் தைத்துக்கொண்டன. பிரிட்டனும் விதிவிலக்கில்லை. 1854-இல் கிரிமியப் போரின் பாலக்லாவா சண்டையில், ரஷ்யப் பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்து பேரிழப்பைச் சந்தித்த லைட் பிரிகேட் என்ற பிரிட்டிஷ் குதிரைப்படைப் பிரிவில் ஹுஸார் படையினரும் இருந்தார்கள்.

அந்தச் சண்டையை வைத்து 1968-இல் ஒரு படம் வந்தது. படத்துக்காகத் தைத்த உடுப்புகளில் ஒன்று, லண்டனில் நாடக, சினிமா உடைகளை வாடகைக்கு விடும் பெர்மன்ஸ் அண்டு நேதன்ஸ் என்ற நிறுவனத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆடம் ஆண்ட் 1980 வாக்கில் போட்டுக்கொண்டு மேடையேறியது அதைத்தான். ஆக, உலகமே பார்த்த அந்தக் கோட்டு பாடகருக்காகத் தைத்ததே இல்லை. வேறொரு நடிகருக்காகத் தைத்தது.

இந்த இடம் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. பெரிய பாப் நட்சத்திரங்கள் உடையைக் கண்டுபிடிப்பதில்லை. ஏற்கெனவே இருக்கிற ஒன்றை, அது இருக்கக் கூடாத இடத்துக்குக் கொண்டுவந்து போடுகிறார்கள். ஆடம் ஆண்டுக்கு முன்பும் இது நடந்திருக்கிறது. அறுபதுகளில் லண்டன் போர்டோபெல்லோ சாலையில் பழைய ராணுவ உடுப்பு விற்கும் கடை ஒன்று இளைஞர்களிடையே பெரும் பேர் வாங்கியது. மிக் ஜாகர் 1966-இல் சிவப்பு ராணுவக் கோட்டோடு டிவியில் பாடினார். ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் பின்னல் வைத்த ஹுஸார் கோட்டைத் தெரியாத ராக் ரசிகர் இருக்க மாட்டார். 1967-இல் பீட்டில்ஸ் நால்வரும் ஆல்பம் அட்டையில் போட்டு நின்ற பளபள சாட்டின் பேண்டு வாத்திய உடுப்புகளைத் தைத்ததும் பெர்மன் நிறுவனம்தான். தாத்தாக்கள் சண்டைக்குப் போட்டதைப் பேரன்கள் பாட்டுக்குப் போட்டார்கள்.

அப்புறம் பத்து வருடம் அது அடங்கிக் கிடந்தது. 1976-77-இல் பங்க் என்ற முரட்டு ராக் இசையின் அலை வந்து, கிழிசலும் சேஃப்டி பின்னும் கறுப்புத் தோலும்தான் உடை என்றானது. ஆடம் ஆண்டும் அங்கிருந்து வந்தவர்தான். பங்க் இசையின் பெரிய சூத்திரதாரியான மால்கம் மெக்லாரனிடம் 1000 பவுண்டு கொடுத்து யோசனை கேட்டார். மெக்லாரன் யோசனையும் சொன்னார், ஆடம் ஆண்டின் இசைக்குழுவில் இருந்தவர்களைத் தன் பக்கம் இழுத்து வேறு குழுவும் தொடங்கினார். ஆண்ட் சோர்ந்து போகவில்லை. கிதார் கலைஞர் மார்கோ பிரோனியோடு சேர்ந்து புதிய குழு அமைத்தார். இரண்டு டிரம்மர்கள், ஆப்பிரிக்க புருண்டி மேளத்தின் தாளம், மேலே இந்தக் குதிரைப்படைக் கோட்டு, இடுப்பில் துணிக் கச்சை, தலைமுடியில் சிறு பின்னல்கள், மூக்கின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. 1980 நவம்பரில் வந்த அவருடைய ஆல்பம்தான் 1981-இல் பிரிட்டனில் மிக அதிகமாக விற்றது.

தனியாக அவர் மட்டும் இதைச் செய்துவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். கோவன்ட் கார்டனில் பிளிட்ஸ் என்ற கிளப்பில் ஸ்டீவ் ஸ்ட்ரேஞ்சும் ரஸ்டி ஈகனும் நடத்திய இரவுகளுக்குக் கலைக்கல்லூரி மாணவர்கள் தாங்களே தைத்ததைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஆடை வடிவமைப்பாளர் விவியன் வெஸ்ட்வுட் 1981 மார்ச்சில் லண்டன் ஒலிம்பியாவில் கடற்கொள்ளையர் பாணியில் தன் முதல் அணிவகுப்பை நடத்தினார். பெருத்த கை, சுருக்கம் வைத்த சட்டை, கச்சை. காற்று அந்தப் பக்கம் வீசிக்கொண்டிருந்தது. அதை ஒவ்வொரு வீட்டு டிவிக்குள்ளும் கொண்டுபோனது ஆடம் ஆண்டின் முகம்.

துணி

பழைய கோட்டுகள் கெட்டியான கம்பளித் துணியில் தைத்தவை. மதுரை வெயிலுக்கு, அதுவும் மேடை விளக்கின் கீழ் ஆடும் பையனுக்கு, கம்பளி ஆகாது. ஆனால் துணிக்குக் கனம் வேண்டும். மெல்லிய துணியில் பின்னல் வைத்தால் தையல் இழுத்துச் சுருங்கி, கழுவிக் காயப்போட்ட மாதிரி நிற்கும். நான் எடுத்தது பாலியெஸ்டரும் கம்பளியும் கலந்த கருநீல டெரிவூல் சூட்டிங். 58 அங்குல அகலத்தில் இரண்டு மீட்டர் தாராளம். உள்ளே சாட்டின் லைனிங் வைக்கவில்லை. வேர்வையில் சாட்டின் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். மெல்லிய பருத்தி லைனிங் போட்டேன்.

பொன்னிறத்தைத் தேர்ந்தெடுப்பதில் அவசரப்படாதீர்கள். கடை வெளிச்சத்தில் தகதகவென்று இருக்கும் நாடா, மேடையின் வெள்ளை எல்இடி விளக்கில் வெளிறிப்போகும். கொஞ்சம் மங்கலான பழைய தங்க நிறம்தான் தூரத்திலிருந்து தங்கமாகத் தெரியும். சரிகை நாடாவுக்கு எங்கள் ஊரில் பஞ்சமே இல்லை. சித்திரைத் திருவிழாவில் அழகர் வேடம் போடுபவர்களுக்கு உடுப்பு தைக்கும் கடைகளில் விதவிதமாகக் கிடைக்கும். முன்பு புது மண்டபத்தில் இருந்த கடைகள்தான், இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கின்றன. எனக்குத் தேவைப்பட்டது இரண்டு வகை. மார்பு வரிகளுக்கு 5 மில்லிமீட்டர் உருண்டைக் கயிறு. ஓரங்களுக்கும் கை முடிச்சுக்கும் 3 மில்லிமீட்டர் சூட்டாஷ் நாடா. இரண்டு மெல்லிய கயிறுகளைச் சேர்த்துப் பின்னியது அது, நடுவில் ஒரு பள்ளம் ஓடும். பெயரைச் சொன்னால் பல கடைகளில் தெரியாது, ஒரு துண்டையோ படத்தையோ காட்டிக் கேளுங்கள். இரண்டிலும் சேர்த்துச் சுமார் 20 மீட்டர் வாங்கிக்கொள்வது நல்லது.

வாங்கியதும் நாடாவைச் சுடுநீரில் நனைத்து நிழலில் உலர்த்திவிட வேண்டும். உள்ளே பருத்தி நூல் ஓடும் கயிறு சுருங்கும். ஒரு முழத் துண்டை அளந்து நனைத்துப் பார்த்தேன், அரை அங்குலம் குறைந்தது. கோட்டில் தைத்த பிறகு இது நடந்தால் மார்பு முழுவதும் குறுக்காகச் சுருங்கிப்போகும், சரிசெய்யவே முடியாது.

ஆர்ம்ஹோல்தான் கோட்டு

முதலில் காடாத் துணியில் மாதிரி வெட்டினேன். இந்த வேலையில் அதைத் தவிர்க்கவே கூடாது.

ஆடுகிற பையன், கையை வீசித் தூக்க வேண்டும். அப்படியானால் ஆர்ம்ஹோலை, அதாவது கைத்துண்டு சேரும் வளைவை, ஆழமாக, தாராளமாக வெட்டுவோம் என்றுதான் கை தன்னால் போகும். குதிரைப்படைக் கோட்டில் அது நேரெதிர். அக்குளை ஒட்டி மேலே ஏற்றி, சின்னதாக வெட்ட வேண்டும். ஆழமான ஆர்ம்ஹோலில் கையைத் தூக்கினால் கையோடு பக்கவாட்டுத் துணியும் மேலே போகும், குட்டைக் கோட்டு விலா வரை ஏறிவிடும். ஆர்ம்ஹோல் ஏறி இருந்தால் கை மட்டும் தனியாக அசையும், கோட்டு இருந்த இடத்திலேயே இருக்கும். மாதிரித் துணியில் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் அக்குளை ஒட்டியும் வெட்டி, பையனைக் கை தூக்கச் சொன்னேன். ஒரு பக்க விளிம்பு மூன்று அங்குலம் ஏறியது, மறுபக்கம் ஒரு அங்குலம்கூட ஏறவில்லை. வாளை ஓங்கிக்கொண்டு குதிரையில் போனவர்களின் கோட்டு ஏன் இப்படி என்பது அங்கேயே புரிந்துவிடும்.

பிளவுஸ் தைத்துப் பழகியவர்களுக்கு இது புதிதே இல்லை. இறுக்கமான ஆர்ம்ஹோலில் கையைச் சுருக்கமில்லாமல் ஏற்றுவது நம்மூர்த் தையல்காரர்களுக்குக் கைவந்த கலை. ஆண்களின் சட்டை மட்டும் தைத்தவர்களைவிட பிளவுஸ் தைப்பவர்களால் இந்தக் கோட்டை நன்றாகத் தைக்க முடியும் என்பது என் கட்சி.

முதுகை மூன்று துண்டாக வெட்டினேன். நடுத்துண்டு தோளில் அகலம், இடுப்பில் மிகக் குறுகல். இரண்டு பக்கத் தையலும் ஆர்ம்ஹோலின் பின்பக்கத்திலிருந்து வளைந்து இறங்கி இடுப்பில் கிட்டத்தட்டச் சேர்ந்துவிடும். கை இரண்டு துண்டு, முழங்கையில் லேசாக வளைந்தது. நீளம் இடுப்பெலும்புக்கு ஒரு அங்குலம் மேலே நின்றுவிட வேண்டும். கழுத்துக்கு ஒன்றரை அங்குலப் பட்டி, உள்ளே பக்ரம் என்ற விறைப்பான துணி. முன்பக்கத்துக்கு இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் ஃபியூசிங் துணி வேண்டாம், தைத்துச் சேர்க்கும் கேன்வாஸ் வையுங்கள். பின்னலின் கனத்தைத் தாங்க வேண்டியது கேன்வாஸ்தான். ஃபியூசிங் வேர்வை பட்டுக் கொப்பளித்துவிடும்.

பின்னல்

முன்பக்கத் துண்டுகளை வெட்டி எடுத்த பிறகு பின்னல் வைக்கக் கூடாது. முழுத் துணியிலேயே வெட்டுக்கோட்டை நூலால் ஓட்டி, பின்னால் கேன்வாஸைக் கோத்து, அப்படியே ஆரி எம்பிராய்டரிக்குத் துணியை இழுத்துக் கட்டும் ஃபிரேமில் ஏற்றினேன். வேலை முடிந்த பிறகுதான் கத்தரி. பின்னல் துணியைக் கொஞ்சம் உள்ளே இழுக்கும். முன்னமே வெட்டியிருந்தால் அளவு குறையும்.

வரையும் முறை ஆரி வேலைக்குச் செய்வதுதான். டிரேசிங் பேப்பரில் வரிகளை வரைந்து, கோடு நெடுக ஊசியால் குத்தி, ஜிங்க் பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்துத் துணியில் தேய்த்தால் புள்ளி புள்ளியாக இறங்கும். கருநீலத்தில் வெள்ளைப் புள்ளி பளிச்சென்று தெரியும், வேலை முடிந்ததும் தட்டிவிட்டால் போய்விடும்.

வரிகள் ஐந்து. ஒவ்வொன்றும் நடுக்கோட்டிலிருந்து வெளியே போய், முனையில் மூவிலை வளையம் போட்டு, அதே வழியில் திரும்பி வரும் இரட்டைக் கயிறு. மேல் வரி ஒரு பக்கத்துக்கு ஏழரை அங்குலம், கீழ் வரி மூன்றரை. நடுவில் இருப்பவை படிப்படியாகக் குறையும். கோட்டின் மாயம் முழுக்க இதில்தான். கண் மேல் வரியின் அகலத்தைத் தோளாக எடுத்துக்கொள்கிறது, கீழ் வரியை இடுப்பாக எடுத்துக்கொள்கிறது. ஒல்லியான பையனுக்கு மார்பு விரிகிறது, இடுப்பு ஒடுங்குகிறது. ஆடம் ஆண்டும் ஜாக்சனும் ஹெண்ட்ரிக்ஸும் மெலிந்த உடல்வாகு கொண்டவர்கள். கடைசி வரிசையில் நிற்பவர் கண்ணுக்கும் அவர்கள் மேடையை நிறைத்து நின்றதில் இந்த ஐந்து வரிக்குப் பங்கு உண்டு.

கயிற்றைத் தைக்கும்போது மேலே சுற்றி நூல் போடக் கூடாது. அப்படிப் போட்டால் ஒவ்வொரு தையலும் கயிற்றை நெரித்து, தூரத்திலிருந்து பார்க்கும்போது திட்டுத் திட்டாகத் தெரியும். ஊசி துணிக்கு அடியிலிருந்து ஏறி, கயிற்றின் அடிவயிற்றில் மட்டும் இரண்டு இழைகளைப் பிடித்து, மறுபடி கீழே இறங்க வேண்டும். கால் அங்குலத்துக்கு ஒரு தையல். நூல் கயிற்றின் நிறத்திலேயே, மெழுகு தடவி, ஒற்றையாக. கயிற்றை இழுத்துப் பிடிக்காமல், துணி மேல் தானாகக் கிடக்கிற மாதிரி விட்டுக்கொண்டே போக வேண்டும். நகத்தால் தடவினால் தையல் எங்கேயும் தட்டுப்படக் கூடாது. பொறுமை கேட்கும் வேலை. கோட்டு முழுவதற்கும் ஆன நேரத்தில் பாதிக்கு மேல் இந்த ஐந்து வரிகளே தின்றன.

வளையத்தில் கயிறு திரும்பும் இடத்தில் சில தையல்களை நெருக்கமாகப் போட்டுக்கொள்ளுங்கள். முனையை வெளியே மடித்து மறைக்கப் பார்த்தால் தடித்து நிற்கும். துணியில் குத்தூசியால் ஓட்டை போட்டு, முனையைப் பின்பக்கம் தள்ளி, ஒரு சொட்டுத் துணிப்பசை வைத்து கேன்வாஸோடு சேர்த்துத் தைத்துவிட வேண்டும். வெட்டின முனையை அப்படியே விட்டால் கண் முன்னாலேயே பிரியத் தொடங்கும்.

இஸ்திரி போடுவது துணியின் பின்பக்கத்தில் மட்டும். தடிமனான துண்டை விரித்து, அதில் பின்னல் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து, குறைந்த சூட்டில். பாலியெஸ்டர் சரிகை நேரடிச் சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும்.

கை முடிச்சு

மணிக்கட்டிலிருந்து முழங்கை நோக்கி ஏறும் ஹங்கேரிய முடிச்சுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சிக்குக் கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்: ஒரே இழை, எங்கேயும் அறுபடாமல், மேலும் கீழுமாகத் தன்னையே தாண்டித் தாண்டி வளையம் போட்டுத் தொடங்கிய இடத்துக்கு வந்துவிடும். இங்கே புள்ளிக்குப் பதில் காகிதத்தில் குத்திய வரைபடம்.

சூட்டாஷ் நாடாவின் நடுப் பள்ளத்தில் ஊசி இறங்கினால் தையல் கண்ணுக்கே தெரியாது. மெஷினிலும் ஓட்டலாம், நேர்க்கோட்டுக்கு அது போதும். முடிச்சில் வளைவுகள் சின்னவை என்பதால் கையாலேயே தைத்தேன். வளைவில் நாடா நிமிர்ந்து முறைக்கும். அப்போது நாடாவின் முனையில் உள்ளே ஓடும் இரண்டு கயிறுகளில் ஒன்றை மட்டும் மெல்ல இழுத்தால், அந்தப் பக்கம் சுருங்கி நாடா தானாக வளையும். ஃபேஷன் காலேஜில் படிக்கும் பெண் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "அக்கா, இன்னொரு தடவை இழுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பார்க்கப் பார்க்க அலுக்காத காட்சிதான். கை முடிச்சுக்கான துண்டையும் வெட்டுமுன் ஃபிரேமில் முடித்துவிட்டு, பிறகு கையைச் சேர்த்தேன்.

பொத்தான்

பித்தளைப் பொத்தானுக்குப் போனது கல்யாண பேண்டு செட்டுக்கு உடுப்பு தைக்கும் பாயிடம். வெள்ளைக்கார ராணுவத்தின் பேண்டு வாத்தியக்காரர்கள் போட்ட கோட்டிலிருந்துதான் நம் ஊர்க் கல்யாண பேண்டு உடுப்பு வந்தது. அதனால் இந்தக் கோட்டின் தூரத்துச் சொந்தம் ஒன்று அவர் கடையில் எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கிறது. சிவப்புத் துணி, மஞ்சள் சரிகை, தோளில் குஞ்சம். என் வரைபடத்தை வாங்கிப் பார்த்தவர், "கீழ் வரியை இன்னும் கொஞ்சம் குறைம்மா. அங்க அகலம் விட்டா தொப்பை வந்த மாதிரி தெரியும்" என்றார். முதலில் நான் வரைந்திருந்தது நாலரை அங்குலம். மூன்றரை ஆனது அவர் சொன்ன பிறகுதான். இத்தனை வருடமாக ஊர்வலத்தில் நடக்கிறவர்களின் உடம்பைப் பார்த்துத் தைத்த கண் அது.

பதினைந்து பொத்தான். நடுவில் ஐந்து, இரண்டு பக்க வளையங்களின் மேலே ஐந்தைந்து. எல்லாமே அலங்காரத்துக்கு. கோட்டை மூடுவது உள்ளே மறைந்திருக்கும் ஊக்குகள்தான். பாடலுக்கு நடுவில் உடை மாற்ற வேண்டுமே, கயிற்று வளையத்தில் பொத்தானை மாட்டிக்கொண்டிருக்க முடியாது. பித்தளை கனம் என்பதால் ஒவ்வொரு பொத்தானுக்கும் துணியின் பின்பக்கம் ஒரு சின்னத் தட்டைப் பொத்தானை வைத்துச் சேர்த்துத் தைத்தேன். இல்லையென்றால் நாலு நிகழ்ச்சியில் துணியைக் கிழித்துக்கொண்டு தொங்கும்.

எது தெருவுக்கு வந்தது

ஒரு கோட்டைத் தைத்து முடித்தவருக்கு உடனே விளங்கும் ஒன்று உண்டு: இதை ஒரு ரசிகன் வீட்டில் உட்கார்ந்து தைத்துக்கொள்ள முடியாது. 1981-இல் பிரிட்டனில் எத்தனையோ பிள்ளைகளுக்கு ஆடம் ஆண்ட் மாதிரி ஆக ஆசை. அவர்களால் முடிந்தது என்ன? மூக்கின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. அமெரிக்கப் பூர்வகுடிகளின் போர்ப்பூச்சிலிருந்து ஆண்ட் எடுத்துக்கொண்டது அது. அம்மாவின் மேக்கப் பெட்டி இருந்தால் போதும், பள்ளி விழாவுக்குப் போகுமுன் போட்டுக்கொள்ளலாம். அடுத்தது கச்சை, ஒரு நீளத் துணி. அடுத்தது சுருக்கம் வைத்த சட்டை, அக்காவின் அலமாரியிலேயே இருக்கும். சுருக்கக் கழுத்துக்கு அந்த ஆண்டில் இன்னொரு பக்கத்திலிருந்தும் பலம் கிடைத்தது. ஜூலையில் இளவரசரை மணந்த டயானா அந்த மாதிரிச் சட்டைகளை விரும்பிப் போட்டார்.

ஆண்ட் பேட்டிகளில் சொல்லும் கதை ஒன்று: மைக்கேல் ஜாக்சன் தன்னைத் தொலைபேசியில் அழைத்து, அந்தக் கோட்டு எங்கே கிடைத்தது என்று கேட்டாராம். இவர் பெர்மன்ஸ் முகவரியைச் சொன்னாராம். 1984 பிப்ரவரியில் கிராமி விழாவில் எட்டு விருதுகளை வாங்கியபோதும், அதே ஆண்டு மே மாதம் வெள்ளை மாளிகையில் ரீகனைச் சந்தித்தபோதும் ஜாக்சன் ராணுவப் பாணிக் கோட்டில், சமிக்கி மின்ன நின்றார். அந்தக் கோட்டையும் யாரும் வீட்டில் தைக்கவில்லை. உலகம் முழுக்க, நம் ஊர்க் கல்லூரி மேடை வரைக்கும், பரவியது பில் விட்டன் வடிவமைத்த அந்த ஒற்றைக் கையுறைதான். ஒரு வெள்ளைக் கையுறை, மேலே ஒட்டக் கொஞ்சம் ஜிகினா. ஒரு கைக்கு மட்டும் போதும் என்பதால் செலவும் பாதி.

கோட்டு தெருவுக்கு வர இன்னொரு வழி இருக்கிறது, அது தொழிற்சாலை வழி. 2006-இல் மை கெமிக்கல் ரொமான்ஸ் என்ற ராக் குழுவுக்கு காலீன் ஆட்வுட் கறுப்பு வெள்ளையில் பேண்டு உடுப்பு வடிவமைத்தார். 2009 வசந்த காலத் தொகுப்பில் பால்மேன் என்ற ஃபேஷன் நிறுவனத்துக்காக கிறிஸ்டோஃப் டெகார்னன் தோள் தூக்கிய பின்னல் கோட்டுகளைக் கொண்டுவந்தார். விலை எட்டாத உயரம். அவற்றைப் பார்த்து மலிவுக் கடைகள் செய்தவற்றைப் புரட்டிப் பாருங்கள், எதைக் குறைத்திருக்கிறார்கள் என்று தெரியும். கை முடிச்சு போய்விடும். முதுகுப் பின்னல் போய்விடும். கயிற்றுக்குப் பதில் மெஷினில் ஓட்டிய தட்டை நாடா. ஆர்ம்ஹோல் எல்லார் உடம்புக்கும் பொருந்தும்படி இறங்கிவிடும். ஆனால் மார்பு வரி இருக்கும். அதை எடுத்துவிட்டால் யார் கோட்டு என்று யாருக்கும் தெரியாது.

கோட்டைப் போட்டுக்கொண்டு பையன் ஒத்திகையில் நின்றபோது மாஸ்டர் அவன் நடையில் வந்த மாற்றத்தைத்தான் முதலில் கவனித்தார். கழுத்துப் பட்டியில் பக்ரம் இருப்பதால் தலையைக் குனிய முடியாது. ஆர்ம்ஹோல் உயரமாக இருப்பதால் தோள் பின்னால் போகிறது. "நிமிர்ந்து நில்லுடான்னு மூணு வருஷமா சொல்றேன், இன்னைக்குத்தான் நிக்கிறான்" என்றார். மேடை உடை தைப்பதில் எனக்கு மிகுந்த நிறைவைத் தருவது இந்த இடம்தான். ஆடுபவருக்கு எப்படி நிற்க வேண்டும் என்று உடை சொல்லிக் கொடுத்துவிடும்.

இப்போது பின்னால் ஆடும் எட்டுப் பேருக்கும் கோட்டு வேண்டும் என்கிறார்கள், பட்ஜெட் நாலில் ஒரு பங்கு. டெரிவூலுக்குப் பதில் காட்டன் டிரில் எடுத்திருக்கிறேன். முதுகுப் பின்னல் கிடையாது. கையில் முடிச்சுக்குப் பதில் கூர்மையாக ஏறும் ஒரே ஒரு நாடா. மார்பில் ஐந்து வரியும் இருக்கும், தட்டை நாடாவில், மெஷின் தையலில், வளையம் இல்லாமல். பொத்தான் பிளாஸ்டிக்கில் தங்க முலாம் பூசியது, அதனால் பின்பக்கப் பொத்தானும் தேவையில்லை. கச்சைக்கு ஆளுக்கு இரண்டரை மீட்டர் சாட்டின். ஆர்ம்ஹோலை மட்டும் எட்டுப் பேருக்கும் தனித்தனியாக அளந்து உயரமாகவே வெட்டப்போகிறேன், அதில் சிக்கனம் பண்ணினால் முதல் பாட்டிலேயே எட்டுக் கோட்டும் விலாவுக்கு ஏறிவிடும்.